பிரிட்டிஷ் பரம்பரைப் பட்டம் யாரிடமிருந்து யாருக்குப் போனது? கொடிவழியைத் தேடும் முறை

கிளைவ், பிகட், மன்றோ, ஹாரிஸ் என்று நம் சரித்திரப் பாடத்தில் வந்துபோன பல பெயர்களுக்குப் பின்னால் ஒரு பரம்பரைப் பட்டம் இருக்கிறது. இந்தியாவிலும் கனடாவிலும் கரீபியத் தீவுகளிலும் ஆட்சி செய்தவர்களுக்கும், போர் நடத்தியவர்களுக்கும், அங்கேயே பிறந்து வியாபாரத்திலோ வழக்கறிஞர் தொழிலிலோ உயர்ந்த சிலருக்கும் லண்டனில் கொடுத்த பட்டங்கள் இவை. இப்படி ஒரு பட்டம் கை மாறி வந்த வழியைத் தேட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கிற ஒரு வம்சாவளிப் படத்தை வைத்துக்கொண்டு அதில் மேலும் கீழும் நடக்கிறார்கள். அப்படி நடந்தால் வழி தப்பத்தான் செய்யும். முதலில் படிக்க வேண்டியது பட்டயம். பட்டத்தை உண்டாக்கிய அரச ஆவணத்தில், இது யாருக்குப் பின் யாருக்குப் போகலாம் என்று ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் சட்டம். குடும்பத்தின் ஆசை, உயில், சொத்து, பெரியவர்கள் சொன்ன கதை எதுவும் அந்த வரியை அசைக்க முடியாது. இந்த ஒன்றை விடாமல் பிடித்துக்கொண்டால் மீதி வேலை கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வரும்.

எந்த வகைப் பட்டம் என்று முதலில் பிரியுங்கள்

பெயருக்கு முன்னால் ‘சர்’ இருக்கிறது என்பதாலேயே அது பரம்பரைப் பட்டம் ஆகிவிடாது. நைட் பட்டம் வாங்கியவரும் சர்தான், பாரோனெட்டும் சர்தான். நைட் பட்டம் அந்த மனிதரோடு முடிந்துவிடும், பாரோனெட் பட்டம்தான் அடுத்தவருக்குப் போகும். அதற்கு மேல் பாரன், வைகவுன்ட், எர்ல், மார்க்விஸ், டியூக் என்று ஏறுகிற ஐந்து படிகள்தான் பிரபுப் பட்டங்கள். பாரோனெட் பிரபு அல்ல, பரம்பரை மட்டும் உண்டு, பிரபுக்கள் சபையில் இடம் கிடையாது. ராவ் பகதூர், திவான் பகதூர் போன்றவை இந்தக் கணக்கிலேயே வராது. அண்ணாமலைச் செட்டியாருக்கு 1929இல் கிடைத்த ‘ராஜா’ பட்டம் பரம்பரையானதுதான், ஆனால் அது இந்தியாவுக்கென்று கொடுத்த பட்டம். லண்டன் பிரபுக்கள் பட்டியலில் அதைத் தேடினால் கிடைக்காது.

அப்புறம், எந்த நாட்டுப் பிரபுப் பட்டம் என்று பாருங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, 1707க்குப் பிந்தைய கிரேட் பிரிட்டன், 1801 முதல் ஐக்கிய இராச்சியம் என்று தனித்தனி வரிசைகள் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து பணத்தோடு திரும்பிய பெரிய தலைகளில் சிலருக்கு அயர்லாந்துப் பட்டமே கிடைத்தது. அயர்லாந்துப் பிரபு லண்டன் மக்கள் சபையில் உறுப்பினராகத் தொடர முடியும் என்பதால் அவர்களுக்கும் அதில் வசதி இருந்தது. ராபர்ட் கிளைவ் 1762இல் பெற்றது அப்படி ஒரு பாரன் பட்டம். அதில் ‘பிளாசி’ என்ற ஊர்ப்பெயர் வரும். ஆனால் பட்டத்தில் இருக்கிற பிளாசி வங்காளத்தில் இல்லை, அயர்லாந்தின் கிளேர் கவுன்டியில் இருக்கிறது. அங்கே தான் வாங்கிய நிலத்துக்குக் கிளைவ் அந்தப் பெயரை வைத்திருந்தார். பட்டத்தில் வருகிற ஊரை வைத்துக்கொண்டு ஆவணங்கள் எங்கே இருக்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

பட்டயத்தின் அந்த ஒரு வரி

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஜார்ஜ் பிகட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 1755 முதல் 1763 வரை சென்னைக் கோட்டையின் கவர்னர், லாலியின் பிரெஞ்சுப் படை 1758இல் வந்து முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்தவர். ஊர் திரும்பியதும் 1764இல் பாரோனெட் பட்டம், 1766இல் அயர்லாந்தின் பாரன் பட்டம் என இரண்டு வந்தன. 1775இல் மறுபடி கவர்னராகச் சென்னைக்கு வந்தார். ஆர்க்காட்டு நவாபின் கையில் இருந்த தஞ்சாவூரை மன்னர் துளஜாவிடம் திருப்பிக் கொடுத்தார். நவாபுக்குக் கடன் கொடுத்திருந்த கம்பெனிக்காரர்களுக்கு அது பிடிக்கவில்லை, அவருடைய கவுன்சிலில் பெரும்பான்மையினரே அவருக்கு எதிராகத் திரும்பி 1776 ஆகஸ்டில் அவரைக் கைது செய்து பரங்கிமலையில் வைத்தார்கள். காவலில் இருக்கும்போதே 1777 மே மாதம் இறந்துபோனார்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் இருந்தார்கள், ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்தவர்கள். பாரன் பட்டயத்தில் அவருக்குச் சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு மட்டுமே இடம் இருந்ததால் அது அன்றே அற்றுப்போனது. பாரோனெட் பட்டயத்தில் மட்டும் அவருடைய தம்பிகள் ராபர்ட், ஹியூ இருவர் பெயரும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தன. அதனால் அது தம்பி ராபர்ட்டுக்குப் போய் அவர் 2ஆவது பாரோனெட் ஆனார். ஒரே மனிதர், ஒரே மரணம், இரண்டு பட்டங்களுக்கு இரண்டு முடிவு. ‘பிகட் குடும்பத்தின் வம்சாவளி’ என்று எவ்வளவு அழகான படம் வரைந்து வைத்திருந்தாலும் இது ஏன் இப்படி ஆனது என்று அந்தப் படம் உங்களுக்குச் சொல்லாது. பட்டயத்தைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

வழக்கமான வாசகம் இதுதான்: பட்டம் பெற்றவருக்கும், சட்டப்படியான திருமணத்தில் அவர் உடம்பில் பிறந்த ஆண் வாரிசுகளுக்கும். இதில் தம்பி வரமாட்டார், மகள் வரமாட்டாள், மகள் வயிற்றுப் பேரனும் வரமாட்டான். முதல்வருக்கு, அதாவது பட்டத்தை முதன்முதலில் பெற்றவருக்கு, மகன் இல்லை என்பது பட்டம் கொடுக்கும்போதே தெரிந்திருந்தால், தம்பியையோ மருமகனையோ மகளையோ சேர்த்து விசேஷமாக எழுதியிருப்பார்கள். அதனால் முதல்வருக்கு அடுத்து வந்தவர் மகன் இல்லை என்றால் உடனே பட்டயத்தைத் தேடுங்கள், விசேஷ வாசகம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2ஆவது ஆளுக்கோ அவருக்குப் பின் வந்தவருக்கோ மகன் இல்லாமல் தம்பிக்குப் போனால் அதற்கு விசேஷ வாசகம் எதுவும் தேவையில்லை, ஏனென்றால் அந்தத் தம்பியும் முதல்வரின் மகனோ பேரனோதானே. எல்லாவற்றையும் முதல்வரிடமிருந்தே அளக்க வேண்டும்.

இந்த வரியை எங்கே பார்ப்பது? லண்டன் கெஜட் 1665 முதல் வருகிறது, அதன் இணையதளத்தில் பழைய இதழ்கள் முழுக்க இலவசம். பட்டம் அறிவித்த வருடத்தைத் தெரிந்துகொண்டு, அதற்கு முன்னும் பின்னும் சில மாதங்களைச் சேர்த்துத் தேடுங்கள். பழைய அச்சில் ஒருவகை ‘எஸ்’ எழுத்து ‘எஃப்’ போலவே இருக்கும், கணினி அதைத் தப்பாகப் படித்து வைத்திருக்கும். பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால் அந்த எழுத்தை மாற்றிப் போட்டுப் பாருங்கள், அப்படியும் வரவில்லையென்றால் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. மூலப் பட்டயத்தின் பதிவு வேண்டுமென்றால் லண்டன் கியூவில் இருக்கிற தேசிய ஆவணக் காப்பகத்தில் சி 66 என்ற வரிசையைக் கேளுங்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்துப் பட்டங்களின் பதிவு அந்தந்த நாட்டு வரிசையில் தனியாக இருக்கும்.

கொடியை மேலிருந்து கீழே இறக்குங்கள்

பட்டயம் கைக்கு வந்ததும் ஒரு பெரிய தாளில் முதல்வர் பெயரை உச்சியில் எழுதுங்கள். அவருடைய மகன்கள் எல்லோரையும் பிறந்த வரிசையில் போடுங்கள். இளமையில் இறந்தவர்களையும் விடக்கூடாது. ஒவ்வொரு ஆணுக்கும் பிறந்த தேதி, பெற்றோர் திருமணத் தேதி, இறந்த தேதி, மகன் உண்டா இல்லையா என்று நான்கு விவரம் வேண்டும். மூத்தவன் வழி முழுவதும் முடிந்தால்தான் இரண்டாமவன் வழிக்கு இறங்கலாம். மூத்த மகன் தகப்பனுக்கு முன்பே இறந்திருந்தால், அவனுக்கு ஒரு மகன் இருக்கும் வரை அந்தப் பேரன்தான் முன்னால் நிற்பான், சித்தப்பா காத்திருக்க வேண்டும்.

தன் பெயரிலிருந்து தொடங்கி மேலே ஏறிக்கொண்டு போகிறவர்கள் பாதையில் வருகிற அண்ணன் தம்பிகளைப் பார்ப்பதே இல்லை. நீங்கள் முதல்வரின் நேர் வாரிசு என்று நிரூபிப்பது பாதி வேலைதான். உங்களுக்கு மூத்த வழிகள் ஒவ்வொன்றும் அற்றுப்போனது என்று காட்டுவது மீதிப் பாதி, சிரமமானதும் அதுதான். 19 வயதில் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறி அப்புறம் கடிதமே போடாத ஒரு தம்பி இருந்தால், அவர் எங்கே இறந்தார், மகன் இருந்தானா என்று தெரியும் வரை உங்கள் தாள் முடிவடையாது. இப்படித்தான் பல பட்டங்கள் அற்றுப்போகாமலே உறங்கிக்கொண்டிருக்கின்றன, அதாவது வாரிசு எங்கோ இருக்கலாம், யாரும் நிரூபிக்கவில்லை.

‘முதலாவது எர்ல்’, ‘2ஆவது எர்ல்’ என்ற எண்களையும் அப்படியே நம்பாதீர்கள். பட்டம் அற்றுப்போய்ப் புதிதாக உண்டாக்கப்பட்டால் எண்ணிக்கை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். போவிஸ் எர்ல் பட்டம் 1674இல் ஒருமுறை, 1748இல் ஒருமுறை, 1804இல் ஒருமுறை உண்டானது, ஆகவே முதலாவது போவிஸ் எர்ல் மூன்று பேர். மூன்றாமவர் சென்னைக்கு வேண்டியவர், 1798 முதல் 1803 வரை இங்கே கவர்னராக இருந்த எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அவருடைய மனைவி ஹென்ரியெட்டாவின் அண்ணன்தான் அதற்கு முந்தைய எர்ல், 1801இல் மகனில்லாமல் இறந்தார். தங்கைக்குப் பட்டம் போகாது என்பதால் அது அற்றுப்போய், மூன்று வருடம் கழித்துத் தங்கை கணவருக்குப் புதிதாகக் கொடுத்தார்கள். வெறும் படத்தில் பார்த்தால் பட்டம் மைத்துனனுக்குப் போனது போலத் தெரியும். பட்டம் போகவில்லை, அதே பெயரில் இன்னொன்று பிறந்தது.

தேவாலயப் பதிவேடுகளும் உயில்களும்

இந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றின் பதிவுகளையும் நகலெடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தது. அந்த நகல்கள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன: என்/1 வங்காளம், என்/2 சென்னை, என்/3 பம்பாய். சென்னையின் பதிவு 1698இலேயே தொடங்கிவிடுகிறது, மற்ற இரண்டுக்கும் முன்னால். இவற்றின் படிமங்கள் கட்டணத் தளங்களில் கிடைக்கும். கட்டணம் இல்லாமல் தொடங்க வேண்டுமென்றால் பிரிட்டிஷ் இந்தியக் குடும்பங்களுக்கான ஃபிபிஸ் என்ற சங்கத்தின் தேடல் பக்கத்தைப் பாருங்கள், தன்னார்வலர்கள் பல வருடமாகத் தட்டச்சு செய்து சேர்த்தது.

மூலப் பதிவு ஒரு கொடிவழிக்கு எப்படி அஸ்திவாரமாக நிற்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கிற செயின்ட் மேரீஸ் தேவாலயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1753 பிப்ரவரி 18ஆம் தேதி அங்கேதான் ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் திருமணம் நடந்தது. மகன் எட்வர்ட் பிறந்தது 1754 மார்ச்சில். திருமணத்துக்குப் பின் ஒரு வருடம் கழித்துப் பிள்ளை, ஆக வரிசை சுத்தம். கிளைவின் அயர்லாந்துப் பட்டம் எட்வர்டுக்குப் போனது, இன்று போவிஸ் எர்ல் யாரோ அவரிடமே அதுவும் சேர்ந்து இருக்கிறது. அவ்வளவு நீளமான வழிக்கு முதல் கண்ணி கோட்டைக்குள் எழுதிய அந்தப் பதிவுதான்.

பதிவேட்டில் இல்லாததை உயில் சொல்லும். இந்தியாவில் நிரூபிக்கப்பட்ட ஐரோப்பியர் உயில்கள் எல்/ஏஜி/34/29 என்ற வரிசையில் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டு உயில்களில் இந்தியப் பெண்களோடு பிறந்த பிள்ளைகளை ‘இயற்கை மகன்’, ‘இயற்கை மகள்’ என்று வெளிப்படையாகவே எழுதிப் பணம் விட்டிருப்பார்கள். அந்தச் சொல் இருந்தால் பட்டத்தைப் பொறுத்தவரை அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும். இதைப் படிக்கும்போது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அந்தப் பிள்ளைகளும் அவர்களுடைய தாய்மாரும் பல நேரம் முழுப்பெயர்கூட இல்லாமல் ஒரு வரியில் வந்துபோவார்கள். பட்டம் வராவிட்டாலும் அவர்களை உங்கள் தாளிலிருந்து விட்டுவிடாதீர்கள், அவர்களும் அந்தக் குடும்பம்தான், பிற்பாடு வேறு யாராவது தேடி வரும்போது உங்கள் தாள்தான் அவர்களுக்கு உதவும்.

சின்ஹா வழக்கு: எந்தத் திருமணம் செல்லும்

காலனிப் பட்டங்களில் மிகவும் கனமான விஷயம் இதுதான், இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சத்யேந்திர பிரசன்ன சின்ஹா வங்காளத்தில் பீர்பூம் மாவட்டத்து ராய்ப்பூரில் 1863இல் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படித்துவிட்டுக் கல்கத்தாவில் தொழில் செய்தார். 1909இல் வைஸ்ராயின் நிர்வாகக் கவுன்சிலில் இடம்பெற்ற முதல் இந்தியர், 1915 பம்பாய்க் காங்கிரஸ் மாநாட்டின் தலைவர். 1919இல் இந்தியத் துறைத் துணைச் செயலாளர் ஆனபோது, பிரபுக்கள் சபையில் உட்கார வசதியாக ராய்ப்பூர் பாரன் என்ற பரம்பரைப் பட்டம் கொடுத்தார்கள். பரம்பரைப் பிரபு ஆக்கப்பட்ட இந்தியர் அவர் ஒருவர்தான். 1919ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்தை அந்தச் சபையில் கொண்டுபோய் நிறைவேற்றியவரும் அவரே. 1928இல் இறந்தார்.

மூத்த மகன் அருண் குமார் சின்ஹா தன் உரிமையைக் கேட்டபோது ஒரு கேள்வி குறுக்கே வந்து நின்றது. சின்ஹாவின் திருமணம் 1880இல் இந்து முறைப்படி நடந்தது. அன்றைய இந்துச் சட்டத்தில் ஒரு ஆண் ஒன்றுக்கு மேல் மணம் செய்துகொள்ளலாம். அவர் செய்துகொள்ளவில்லை, ஆனால் செய்திருக்க முடியும். அப்படிப்பட்ட திருமணத்தில் பிறந்தவர் ‘சட்டப்படிப் பிறந்த ஆண் வாரிசு’ என்று பட்டயம் சொல்கிறதே, அதற்குள் வருவாரா? இரண்டு மனைவிகள் இருந்து, இரண்டாம் மனைவிக்கு முதலில் மகன் பிறந்தால் யார் மூத்தவன் என்ற சிக்கலை ஆங்கிலப் பட்டச் சட்டம் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. வழக்கு பிரபுக்கள் சபையின் உரிமைக் குழு வரை போய் 1939இல்தான் தீர்ந்தது. தகப்பனார் இறந்து 11 வருடம்.

தீர்ப்பு எதில் நின்றது என்று பாருங்கள். சின்ஹாவும் மனைவியும் 1886இல் சாதாரண் பிரம்ம சமாஜத்தில் சேர்ந்திருந்தார்கள், அந்தச் சமாஜத்தில் பலதார மணம் கிடையாது. அருண் குமார் பிறந்தது 1887. அவர் பிறப்பதற்கு முன்பே அந்தத் திருமணம் ஒருதார மணமாக ஆகிவிட்டது, ஆகவே அவர் 2ஆவது பாரன். அவர் மட்டும் சமாஜத்தில் சேர்வதற்கு முன்னால் பிறந்திருந்தால் குழு என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், அந்தக் கேள்விக்குள் போக வேண்டிய அவசியமே அவர்களுக்கு ஏற்படவில்லை. வம்சாவளிப் படத்தில் இது ஒரு நேர்க்கோடு: தகப்பன், மகன். அந்தக் கோட்டுக்குள் ஒரு மதமாற்றத் தேதியும் ஒரு பிறந்த தேதியும் ஒளிந்திருக்கின்றன.

நீங்கள் தேடுவது இந்தியக் குடும்பத்தின் பட்டம் என்றால் இதிலிருந்து செய்ய வேண்டியது தெளிவு. திருமணம் நடந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, எந்தச் சட்டத்தின் கீழ் நடந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். 1872ஆம் வருடத்து 3ஆம் எண் சட்டத்தின்படி பதிவுத் திருமணம் செய்திருந்தால் அது ஒருதார மணம், பிரம்ம சமாஜத்தார் பலர் அதைத்தான் பயன்படுத்தினார்கள். பார்சிகளுக்கு 1865லேயே தனித் திருமணச் சட்டம் வந்துவிட்டது, ஒருதாரமும் கட்டாயம், பதிவும் கட்டாயம். அதனால் பம்பாய்ப் பார்சி பாரோனெட் வரிசைகளைத் தேடுவது எவ்வளவோ சுலபம். பழைய இந்துத் திருமணத்துக்குப் பதிவேடு இருக்காது. உயில், சொத்து வழக்கு, பள்ளிச் சேர்க்கை போன்றவற்றில்தான் தேட வேண்டும். பாரிஸ்டர் படிக்கப் போனவராக இருந்தால் லண்டன் சட்ட விடுதிகளின் சேர்க்கைப் பதிவேட்டையும் பாருங்கள், தகப்பனார் பெயரும் எத்தனையாவது மகன் என்பதும் அதில் இருக்கும். இரண்டு விவரமும் நமக்கு வேண்டியவை.

பெயரை நம்பிப் போகாதீர்கள்

பம்பாயின் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1842இல் நைட் பட்டமும் 1857இல் பாரோனெட் பட்டமும் பெற்றார். அவர் இறந்த பிறகு 1860இல் ஒரு சட்டமே போட்டார்கள், பட்டத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று. மகன் கர்செட்ஜி இரண்டாவது சர் ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஆனார், அவருக்குப் பின் வந்தவர்களும் அப்படியே. 1870 பத்திரிகையில் ஒரு சர் ஜாம்ஷெட்ஜி வந்தால் அவர் சீனாவுக்கு அபினும் பருத்தியும் அனுப்பிச் சம்பாதித்த முதல்வர் அல்ல, அவர் 1859இலேயே இறந்துவிட்டார். இப்படிப்பட்ட வரிசையில் பெயரை எழுதாமல் இறந்த வருடத்தை வைத்தே ஆளை அடையாளம் காணுங்கள், பக்கத்தில் பிறந்தபோது வைத்த பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டிட் குடும்பத்திலும் இதே வழக்கம். முதல் பாரோனெட் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் 1901இல் இறந்தபோது பின்னால் வந்தவர் பேரன், அவரும் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் ஆகிவிட்டார். ஜின்னாவை 1918இல் மணந்த ரத்தன்பாய் இந்த இரண்டாமவரின் மகள். பெயர் ஒன்றாக இருப்பதால் தாத்தாவையும் பேரனையும் குழப்பி எழுதியிருப்பதை நிறையப் பார்க்கலாம்.

வெள்ளைக்காரர் பக்கத்திலும் இது உண்டு. எட்வர்ட் கிளைவின் மகன் 1807இல் தாய்மாமன் சொத்துக்காகக் குடும்பப் பெயரை ஹெர்பர்ட் என்று மாற்றிக்கொண்டார், அன்றிலிருந்து ராபர்ட் கிளைவின் பட்ட வரிசை ஹெர்பர்ட் என்ற பெயரில்தான் ஓடுகிறது. கிளைவ் என்று மட்டும் தேடுகிறவருக்கு வரிசை 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் மாயமாகிவிடும்.

சொத்தும் பட்டமும் சேர்ந்தே போகும் என்றும் நினைக்க வேண்டாம். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தைப் பிடித்த படைக்குத் தலைமை தாங்கிய ஜார்ஜ் ஹாரிஸுக்கு 1815இல் பாரன் பட்டம் வந்தது. அவருடைய பேரன், 3ஆவது பாரன், சென்னையில் கவர்னராக இருக்கும்போதுதான் 1856இல் ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்துவைத்தார். 6ஆவது பாரன் 1995இல் இறந்ததும் பட்டம் கிளைவழி உறவினருக்குப் போனது. கென்ட்டில் இருக்கிற பெல்மாண்ட் மாளிகையோ ஒரு அறக்கட்டளையின் கையில் இருக்கிறது. யார் கையில் வீடு இருக்கிறது என்பதை வைத்து யாரிடம் பட்டம் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

முன்னால் பிறந்த பிள்ளை, தத்துப் பிள்ளை, மரபணு

இங்கிலாந்துப் பட்டங்களில், பெற்றோர் பிற்பாடு திருமணம் செய்துகொண்டாலும் அதற்கு முன் பிறந்த மகனுக்கு உரிமை வராது. கார்ட்னர் என்ற பாரன் பட்டத்தின் 3ஆவது பிரபுவுக்கு ஜூலியா ஃபார்டெஸ்கியூ என்ற நடிகையோடு திருமணத்துக்கு முன்பே ஹெர்பர்ட் என்ற மகன் பிறந்திருந்தார். பெற்றோர் பின்னால் மணந்துகொண்டார்கள், ஆனாலும் 1883இல் தகப்பன் இறந்தபோது மகனுக்குப் பட்டம் கிடைக்கவில்லை. ஹெர்பர்ட் கார்ட்னர் அரசியலில் உயர்ந்து அமைச்சராகி 1895இல் பர்க்ளேர் பாரன் என்று தனக்கென்றே ஒரு பட்டம் வாங்கினார். தகப்பனுடைய பட்டம் அன்றிலிருந்து உறங்குகிறது, அதற்கு உரிமை பேசிய கிளை ஒன்று உத்தரப் பிரதேசத்தில் குடியேறி இந்தியப் பெண்களை மணந்து அங்கேயே தங்கிவிட்டது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் பின்னால் நடந்த திருமணம் பிள்ளையின் உரிமையைச் சரிசெய்ய முடியும், அதனால்தான் பட்டம் எந்த நாட்டுடையது என்று முதலிலேயே பிரிக்கச் சொன்னேன். தத்துப் பிள்ளைக்கு எங்குமே பட்டம் போகாது. பிரபு இறக்கும்போது மனைவி கர்ப்பமாக இருந்தால் குழந்தை பிறக்கும் வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

மரபணுவும் இப்போது சாட்சி. நோவா ஸ்கோஷியா பாரோனெட் என்று ஒரு வகை இருக்கிறது, 1625இல் முதலாம் சார்லஸ் தொடங்கியது. கனடாவில் ஸ்காட்லாந்துக் குடியேற்றம் அமைக்கப் பணம் வேண்டும், 3,000 மெர்க் (அன்றைய ஸ்காட்லாந்து நாணயம்) கட்டினால் பட்டமும் அங்கே நிலமும். நிலத்தைப் போய்ப் பார்க்கவும் வேண்டாம், எடின்பரோ கோட்டை வாசலில் நின்றே சுவாதீனம் எடுத்துக்கொள்ளலாம், அந்த மண் நோவா ஸ்கோஷியா மண்ணாகக் கருதப்பட்டது. 1632இல் அந்தப் பகுதியே பிரான்ஸுக்குத் திரும்பிப் போயும் பட்டங்கள் நிற்கவில்லை, 1707 வரை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வகையில் 1683இல் உண்டான ஸ்டிசில் பிரிங்கிள் பட்டத்துக்கு 10ஆவது பாரோனெட் 2013இல் இறந்ததும் இருவர் போட்டியிட்டார்கள். அவர் உயிரோடு இருக்கும்போது குலச் சங்கத்துக்காகக் கொடுத்த மரபணு மாதிரி, 9ஆவது பாரோனெட் 8ஆமவரின் மகன் அல்ல என்று காட்டியது. 2016 ஜூனில் பிரிவி கவுன்சில் அந்தச் சாட்சியை ஏற்று, பட்டம் தம்பி வழிக்கே உரியது என்று சொன்னது. காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. உறவினரிடம் மரபணு மாதிரி கேட்பதற்கு முன்னால் இதை அவர்களுக்கு நன்றாக விளக்கிச் சொல்லுங்கள். உங்கள் ஆர்வத்துக்காக ஒருவருடைய தாத்தா யார் என்பதே மாறிப்போகலாம், அது சின்ன விஷயம் இல்லை.

கடைசியாக, அரசாங்கப் பட்டியல்

இன்று பட்டம் யாரிடம் இருக்கிறது என்பதற்குப் பிரபுக்களுக்கு 2004 முதல் ஒரு அரசுப் பட்டியலும், பாரோனெட்டுகளுக்கு 1910 முதல் ஒரு பட்டியலும் உண்டு. இரண்டிலும் விண்ணப்பித்து நிரூபித்தவர்கள் பெயர் மட்டுமே ஏறும். பெயர் இல்லையென்றால் பட்டம் அற்றுப்போனது என்று பொருள் இல்லை, யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை என்றுதான் பொருள். பர்க், டெப்ரெட் போன்ற அச்சுத் தொகுப்புகள் தேடலைத் தொடங்க மிகவும் உதவும், ஆனால் குடும்பங்களே அனுப்பிய விவரங்கள் அவற்றில் நிறைய இருப்பதால் ஒவ்வொரு தேதியையும் மூலப் பதிவோடு ஒத்துப்பாருங்கள். பணத்துக்குப் பரம்பரைப் பட்டம் வாங்கித்தருகிறோம் என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், கௌரவப் பட்டங்களை விற்பது பிரிட்டனில் 1925 முதல் குற்றம்.

நீங்களே வாரிசு என்று நம்பி விண்ணப்பிக்கப் போவதாக இருந்தால் மூன்று கட்டாகக் காகிதங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டில், கடைசியாகப் பட்டம் வைத்திருந்தவரின் இறப்புச் சான்றும் அவர் ஆண் வாரிசு இல்லாமல் இறந்ததற்கான ஆதாரமும். இரண்டாவதில், பொது முன்னோரிலிருந்து உங்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, பெற்றோர் திருமணம், இறப்பு. மூன்றாவதில் உங்களுக்கு மூத்த கிளைகள் ஒவ்வொன்றும் முடிந்ததற்கான சான்று, கிடைக்காத இடத்தில் என்னென்ன தேடினீர்கள், எந்தப் பதிவேட்டில் எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை பார்த்தீர்கள் என்ற விவரம். மூன்றாவது கட்டுதான் எப்போதும் ஒல்லியாக இருக்கும், அதிலிருந்தே வேலையைத் தொடங்குங்கள்.